திங்கட்கிழமைப் பாடு

பாராட்டு மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று நம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். ஐஸ் கடைக்காரர் மகன் படகிலிருந்து விழுந்த கதையை எழுதியிருக்கிறான். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து வந்து படித்தவள் மத்தியான உப்புமாவைப் பற்றி எழுதி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டாள். உன்னுடையது எங்கே என்று என்னை இரண்டு தடவை கேட்டாயிற்று. இதோ. ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. படித்துவிட்டுத் திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள். குரூப்பிலிருந்து தூக்குவதாக இருந்தாலும் தூக்குங்கள், நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

மலர் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். நம்மோடு படித்தவள், அறிவியலும் கணக்கும் நடத்தும் ஆசிரியர்களுக்கென்றே கொடுக்கிற விருதை, வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற வருஷத்தில் வாங்கியிருக்கிறாள். நாம் யாரும் பள்ளிக்கூடத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கருவாட்டுக்காரம்மா பொண்ணு என்போம். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வோம். நம் வீட்டில் எல்லாம் ரோஜாப்பூவா காயப்போட்டிருந்தார்கள்? நினைத்தால் எனக்கே என்னை நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

ஏழாம் வகுப்பில் நமக்கு வந்த கணக்கு டீச்சரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அனுப்பம்பட்டிலிருந்து ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு, அப்புறம் படகில் நம் குப்பம். கறுப்புக் குடை, கான்வாஸ் பை. படகிலிருந்து இறங்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, நம் அம்மாக்களைப் போலவே சேற்றில் நடந்து வருவார். கழுத்தில் சின்னச் சிலுவை. வகுப்புக்குள் வந்து முதல் ஐந்து நிமிஷம் புடவை ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டும். அந்தச் சொட்டு விழுந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, எத்தனை நேரத்தில் காய்கிறது என்று நம்மையே பார்க்கச் சொல்வார்.

மழைக்காலம் முடிந்திருந்தது. ஏரித் தண்ணீர் இனித்துக் கிடக்கும் சமயம். தை பிறந்தால் கடல் தண்ணீர் உள்ளே வந்து உப்பு ஏற ஆரம்பிக்கும்.

"உப்பு ஏறுதுன்னு எப்படிக் கண்டுபுடிப்பீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"நக்கிப் பாப்போம் டீச்சர்" என்றான் ஐஸ் கடைக்காரர் மகன்.

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, "சரிப்பா, நக்கிட்ட. நேத்து உப்பு எத்தினி, இன்னிக்கு எத்தினின்னு நோட்டுல எப்படி எழுதுவ? நாக்க ஒட்டி வைப்பியா?" என்றார்.

மறுநாள் அவர் கொண்டுவந்தது ஒரு பழைய பேனாவின் குழாய். அதற்குள் வலையில் கட்டுகிற ஈயக் குண்டு ஒன்றைப் போட்டு, இரண்டு பக்கமும் மெழுகால் அடைத்து, மேலே ஊசியால் கோடு கோடாகக் கீறியிருந்தார். பாட்டில் தண்ணீரில் விட்டால் நெட்டுக்குத்தலாக நின்றது. உப்பு கூடினால் குழாய் கொஞ்சம் மேலே எழும்பும், நல்ல தண்ணீரில் கொஞ்சம் இறங்கும். வித்தியாசம் ஒரு நெல் அளவுதான். மிதவை என்று நாம் அதற்குப் பெயர் வைத்தோம். எந்தக் கோடு வரைக்கும் நிற்கிறது என்று பார்த்து, காலண்டர் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டித் தைத்த பெரிய தாளில் தினம் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்தத் தாள் சுவர் முழுக்க இருந்தது. மார்கழிக் கடைசியில் கீழே கிடந்த புள்ளி, தை, மாசி என்று மெல்ல மேலே ஏறிக்கொண்டே போனது. ஏரிக்கு இப்படி ஒரு கோடு இருக்கிறது என்று நம் அப்பன் பாட்டன் யாருக்கும் தெரியாது.

இனி பாடு பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் மலர் நம் பேரப்பிள்ளைகள் கைக்கும் போகும், அதுகள் ஆவடியிலும் அம்பத்தூரிலும் வளர்ந்தவை. முகத்துவாரத்துப் பக்கம் மீன் கூடுகிற இடம் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் வலை போட முடியாது. அதனால் சீட்டுக் குலுக்கி, வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைப்பார்கள். அந்த முறைதான் பாடு. "நாளைக்கு எங்க பாடு" என்றால் நாளைக்கு அந்த இடம் எங்களுக்கு என்று அர்த்தம். நம் குப்பத்தில் அந்தப் பட்டியல் என் நைனா கையில் இருந்தது. காற்று அடித்தோ, ஊரில் சாவு விழுந்தோ வலை போட முடியாமல் போனால் அந்த வீட்டுப் பாடு போனது போனதுதான். மறுநாள் அடுத்த வீட்டுக்கு. ஆண் துணை இல்லாத வீட்டுக்குப் பாடே கிடையாது. கருவாட்டுக்காரம்மாவின் வீட்டுக்காரர் கடலோடு போனவர், அதனால் அவர்கள் வீட்டுப் பெயர் பட்டியலில் இல்லை.

டீச்சர் இந்த வார்த்தையை நம்மிடமிருந்துதான் பிடித்தார். "நாளைக்கு எங்க பாடு டீச்சர், லீவு வோணும்" என்று ஒருத்தன் போய் நின்றான். விவரம் எல்லாம் கேட்டுக்கொண்டு, "நல்லா கீதே! நம்ம கிளாசுலயும் பாடு வைப்போம்" என்றார். தினம் ஒருத்தர் முட்டளவுத் தண்ணீரில் இறங்கிப் பாட்டிலில் தண்ணீர் மொண்டு வரவேண்டும். வலைத்துண்டில் சிக்குகிற இறால் குஞ்சு, மீன் குஞ்சையும் கொண்டுவந்து டீச்சர் கையில் கொடுக்க வேண்டும். அவர் அளந்து, எண்ணி, எழுதிவிட்டு, பாடுக்காரரிடமே கொடுத்து ஏரியில் விட்டுவரச் சொல்வார். அன்றைய புள்ளியைப் பாடுக்காரர்தான் வைக்க வேண்டும். "இன்னிக்கு யாரு பாடு?" என்று கேட்டுக்கொண்டேதான் வகுப்புக்குள் வருவார்.

டீச்சரின் பட்டியலில் எல்லோர் பெயரும் இருந்தது. கருவாட்டுக்காரம்மா மகளுடையதும்.

அது ஊருக்குள் போய்விட்டது. கருவாட்டுக்காரம்மா ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "பள்ளிக்கூடத்துல எம்பொண்ணுக்குப் பாடு கீது. ஊர்ல மட்டும் எங்களுக்கு ஏன் இல்ல?" என்று கேட்டுவிட்டாள். நைனா வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

"அனுப்பம்பட்டுலருந்து வந்துகினு ஊர் முறைய மாத்துறாங்களாமா? படகு இல்லாத வூட்டுக்கு இன்னா பாடு?"

நானும் தலையாட்டினேன். நைனா சொன்னால் எனக்கு வேதம்.

மாசி மாதத்தில் ஹெட்மாஸ்டர் வந்து செய்தி சொன்னார். நல்ல அறிவியல், கணக்கு ஆசிரியருக்கான விருதுக்கு நம் டீச்சர் பெயர் போயிருக்கிறது, செவ்வாய்க்கிழமை அதிகாரிகள் நேரில் பார்க்க வருகிறார்கள் என்று. விருது கிடைத்தால் பள்ளிக்கு ஒரு மைக்ரோஸ்கோப் கேட்கலாம் என்றார் டீச்சர். "ஒரு சொட்டு ஏரித் தண்ணிக்குள்ள இன்னா இன்னா உசுரு கீதுன்னு பாக்கலாம். எண்ணி முடிக்க மாட்டீங்க" என்று அவர் சொன்னபோது முகமே வேறு மாதிரி ஆகிவிட்டது. தனக்கென்று அவர் எதையாவது ஆசைப்பட்டதாக எனக்கு நினைவு இருப்பது அது ஒன்றுதான். அதுவும் நமக்காக.

அப்போது பட்டியலில் திங்கட்கிழமை கருவாட்டுக்காரம்மா மகள் பாடு. செவ்வாய்க்கிழமை என் பாடு. எப்படி இருந்திருக்கும் எனக்கு! அதிகாரிகள் முன்னால் நான் மிதவை விடப் போகிறேன், நான் புள்ளி வைக்கப் போகிறேன்! அம்மா நீலப் பாவாடையைத் துவைத்துக் காயப்போட்டாள். கனகாம்பரம் வாங்கிவரச் சொல்லி பழவேற்காட்டுக்குப் போகிறவரிடம் சொல்லியனுப்பினோம்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஊரில் ஒரு பெரியவர் போய்விட்டார். ஏரிக்கு யாரும் இறங்கவில்லை. பள்ளிக்கூடமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை கனகாம்பரம் வைத்துக்கொண்டு போய் நின்றேன். டீச்சர் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பாட்டிலைக் கருவாட்டுக்காரம்மா மகளிடம் நீட்டினார்.

"டீச்சர், இன்னிக்கு எம்பாடு."

"நேத்து சாவு விழுந்துட்டுதேம்மா. நேத்திப் பாடு இன்னிக்கு. உன்னுது நாளைக்கு."

"எங்க ஊர்ல அப்படி இல்ல டீச்சர். போன பாடு போனதுதான். நைனா சொல்வாரு."

டீச்சர் சிரித்தார். "நாள்தாம்மா போச்சு. அவ பாடு எங்க போவும்? உங்க நைனா கணக்கு வேற, என் கணக்கு வேற."

எல்லோரும் சிரித்தீர்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் யாருடையது என்று இன்றைக்கும் தெரியும். என் பிள்ளைகளை வளர்த்த அனுபவத்தில் சொல்கிறேன், நைனாவைப் பற்றிய அந்த ஒரு வார்த்தையை டீச்சர் அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை.

அதிகாரிகள் மூன்று பேர். படகில் வந்ததில் ஒருவருக்குத் தலைசுற்றல், ஹெட்மாஸ்டர் இளநீர் வெட்டச் சொன்னார். கருவாட்டுக்காரம்மா மகள் தண்ணீர் மொண்டு வந்தாள். மிதவையை உள்ளே விடும்போது பாட்டில் நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. மிதவை பெஞ்சுக்கு அடியில் உருண்டு ஓடியது. அவள் அழுதுகொண்டே தேடினாள். டீச்சர் நிதானமாக வேறு பாட்டில் எடுத்துக் கொடுத்து, "மறுபடி மொண்டுகினு வாம்மா, அவசரமில்ல" என்றார். இரண்டாவது தடவை அவள் சரியாகவே அளந்து புள்ளி வைத்தாள். அதிகாரிகள் சுவர்த் தாளைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டதை நான் பார்த்தேன். அவர்களுக்குப் பிடித்திருந்தது. இதை நன்றாக நினைவு வைத்துக்கொள்ளுங்கள், பாட்டில் உடைந்த பிறகும் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

அதற்கப்புறம் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கண்ணாடி போட்ட அதிகாரி பூவரச மரத்தடியில் என்னைக் கூப்பிட்டார். மெட்ராஸ்காரர். நல்ல மனுஷர்.

"டீச்சர் எப்படிப் பாடம் நடத்துவாங்கம்மா?"

"பாடு வைப்பாங்க சார்."

"என்ன வைப்பாங்க?"

"பாடு சார். தெனம் ஒருத்தருக்குப் பாடு. தண்ணில எறங்கணும்."

"தண்ணியில இறங்கி?"

"இறாலு, மீனு எல்லாம் புடிச்சாந்து டீச்சர் கையில குடுக்கணும்."

இதுவரைக்கும் வெகுளியாகத்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. அவர் ஊரில் பாடு என்றால் கஷ்டம், வேலை வாங்குவது. அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தியமாகத் தெரிந்தது. பன்னிரண்டு வயது, அறியாத வயது என்று யாரும் ஆறுதல் சொல்ல வராதீர்கள்.

"பாவம், பிள்ளைங்களை இந்தப் பாடா படுத்துறாங்க?" என்று கேட்டார்.

"இல்லை சார், எங்க ஊர்ல முறைக்குப் பேரு பாடு" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வாயில் வந்தது. தலையில் கனகாம்பரம் கனத்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு ஆட்டினேன்.

ஆமாம் என்று ஆட்டினேன்.

"மீனை டீச்சர் வாங்கிக்குவாங்களா?"

"வாங்கிக்குவாங்க சார்." திருப்பி ஏரியில் விடச் சொல்வார் என்பதை நான் சொல்லவில்லை.

பதினைந்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. ஹெட்மாஸ்டர் வகுப்புக்கு வந்து டீச்சரை வெளியே கூப்பிட்டுக் கொடுத்தார். பாடு என்ற பேரில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கி வேலை வாங்கியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். டீச்சர் அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"நான் உங்கள வேலை வாங்குறேன்னு யாராச்சும் சொன்னீங்களா? அடிக்க மாட்டேன். தெரிஞ்சிக்கத்தான்."

டீச்சரின் கண் ஒவ்வொரு பெஞ்சாக வந்தது. என்னிடம் வந்து நின்றது. நான் புத்தகத்தில் இருந்த ஒரு மாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி. வாய்ப்பாடு எடுங்க" என்றார்.

அன்றிலிருந்து பாடு போய் வாய்ப்பாடுதான். யாரும் ஏரிக்குப் போகவில்லை. சுவர்த் தாளில் கடைசிப் புள்ளி மாசியில் நின்றுவிட்டது, பங்குனி சித்திரைக்கு விட்டிருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. உப்பு உண்மையில் எதுவரைக்கும் ஏறியது என்று நமக்குத் தெரியாமலே போனது.

வீட்டில் அம்மா நைனாவிடம், "பாடுன்னா இன்னான்னு நீ போயி ஆபீசர்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா? பட்டியல் உங்கையிலதான கீது?" என்று கேட்டாள். "நமக்கு இன்னாத்துக்கு" என்று நைனா வலையை உதறினார். அவர் ஒரு தாளில் நாலு வரி எழுதி ஊர்ப் பெரியவர்களின் கைநாட்டு வாங்கிக் கொடுத்திருந்தால் போதும். நைனா கெட்டவர் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். நான் பார்த்தேன். எனக்கும் அதே சந்தோஷம் ஒரு நாள் இருந்தது. ஒரே ஒரு நாள்.

விருது வேறு யாருக்கோ போனது. கோடை விடுமுறை முடிந்து வந்தபோது டீச்சர் இல்லை, மாற்றல் ஆகிவிட்டது என்றார்கள். மைக்ரோஸ்கோப் நாம் எட்டாவது முடிக்கிற வரைக்கும் வரவில்லை.

போன மாதம் பொன்னேரியில் நடந்த பாராட்டு விழாவில் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். மைக்கில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டீர்கள் அல்லவா? "எனக்கு இந்த விருது வாங்க யோக்கியதை இல்லீங்க. எங்க டீச்சருக்கு வரவேண்டியது, என்னாலதான் போச்சு. ஆபீசருங்க முன்னாடி பாட்டிலை ஒடைச்சிட்டு, அழுதுகினே மறுபடி தண்ணில எறங்கினவ நான்தான்" என்றாள். நீங்கள் கை தட்டினீர்கள். அவள் தன்னடக்கத்தைப் பாருங்கள் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். நானும் கை தட்டினேன். என் குற்றத்தை ஒருத்தி இத்தனை வருஷம் தன் குற்றம் என்று சுமந்திருக்கிறாள், அதையும் கேட்டுவிட்டுக் கை தட்டிவிட்டு, பிரியாணியும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இதை எழுதி முடித்ததும் உங்களுக்கு அனுப்பவில்லை. முதலில் அவளிடம் போனேன், போன புதன்கிழமை காலையில். பொன்னேரியில் அவள் வீட்டு வரவேற்பறையில் விருதுக் கேடயம் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், முன்பு நான் வந்தபோதெல்லாம் அங்கே இல்லாத, மெழுகு வெடித்து மஞ்சளாகிப் போன ஒரு பேனாக் குழாய். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"அது எப்படி உங்கிட்ட?"

"காலேஜ் படிக்கசொல்ல அனுப்பம்பட்டுக்குப் போயி டீச்சரைப் பாத்தேன். அப்ப குடுத்தாங்க. நீ உக்காரு."

உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இந்தத் தாள்களை முழுக்க அவளுக்குப் படித்துக் காட்டினேன். பூவரச மரத்தடி வந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினேன். அவள் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். படித்து முடித்தேன். வெளியே காய்கறி வண்டிக்காரர் கத்திக்கொண்டு போனார்.

அவள் அலமாரியைப் பார்த்தபடி சொன்னாள்.

"அனுப்பம்பட்டுக்கு டீச்சர்கிட்ட மன்னிப்பு கேக்கத்தாண்டி போனேன். என்னாலதான போச்சுன்னு அழுதேன். 'உன்னால இல்லம்மா, எனக்குத் தெரியும், உன்னால இல்லவே இல்ல'ன்னாங்க. நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சிகினேன்."

"யாருன்னு…"

"நானும் கேட்டேன். யாரால டீச்சர்னு. 'கொழந்தைங்க பேர எல்லாம் கேக்காத'ன்னுட்டாங்க. சாவற வரைக்கும் சொல்லல."

நான் அவள் காலைப் பிடிக்கக் குனிந்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் வாணாம். எழுதினத அப்படியே மலர்ல போடு. ஒரு எழுத்து எடுக்காத."

அதனால்தான் ஒரு எழுத்தும் எடுக்காமல், அன்றைக்கு நடந்ததை மட்டும் கடைசியில் சேர்த்து உங்களுக்கு அனுப்புகிறேன். பக்கம் போதாது என்று யாராவது வெட்டினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

எப்போது அவள் வீட்டுக்குப் போனாலும், நான் வேண்டாம் என்றாலும் கேட்காமல், பஸ் ஸ்டாப் வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வருவாள். பஸ் கிளம்பும் வரை நிற்பாள். அன்றைக்குப் பையை என் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். தெரு முனையில் திரும்பிப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது.